மலை உச்சியிலிருந்து மதுபன் கடற்கரைக்கு

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் அந்தமான் தமிழர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். "எந்தக் கப்பலில் ஊருக்குப் போகிறீர்கள்?" என்பதே அது. சென்னைத் துறைமுகம் நமக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கப்பலில் போனால் மூன்று நாள் கடலிலேயே கழியும். ஆயினும் பாட்டியின் வீட்டுத் திண்ணையும், குலதெய்வக் கோயிலும், பங்குனி சித்திரைத் திருவிழாக்களும் நம்மை ஆண்டுதோறும் அழைத்துக்கொண்டே இருக்கின்றன. அழைப்பு எல்லோருக்கும் வருகிறது. பயணச் சீட்டுத்தான் எல்லோருக்கும் கிடைப்பதில்லை!

சென்ற கோடையில் சீட்டுக் கிடைக்காத குடும்பங்களில் நாங்களும் ஒன்று. எங்களைப் போல் தெருவில் இன்னும் நான்கு குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் முகம் வாடிக் கிடந்தார்கள். அவ்வமயம் எங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஊருக்குப் போக முடியவில்லை என்று வருந்துகிறீர்களே, இருக்கிற ஊரை முழுதாகப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இராமநாதபுரம் சீமையிலிருந்து 1971-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞராகக் கப்பலேறி வந்தவர் அவர். காட்டில் மரம் வெட்டும் கூலியாளாகத் தம் வாழ்வைத் தொடங்கியவர். அவருடைய கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. கடற்கரைக்குப் போயிருக்கிறோம், சிறைச்சாலையை உறவினருக்குக் காட்டியிருக்கிறோம், ஆனால் தினந்தோறும் வாசலில் நின்று பார்க்கும் அந்த எதிர்க்கரை மலையில், காரோடும் சாலையைத் தவிர வேறொன்றையும் நாங்கள் அறியோம்.

அந்த மலையின் உச்சியிலிருந்து, காட்டினூடே, ஓடைப் பள்ளங்களின் வழியாகக் கடல் வரைக்கும் நடந்தே இறங்குவது என்று அன்று முடிவு செய்தோம். அந்தப் பயணத்தில் நாங்கள் கண்டவற்றையும், செய்த ஒரு பெரும் பிழையையும் அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் பெயரும் வரலாறும்

இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் நமது தலைநகரம் 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்டது. அதன் துறைமுகத்துக்கு வடக்கே நிற்பதுதான் நாம் நெடுங்காலம் 'மவுண்ட் ஹாரியட்' என்றழைத்த மலை. உயரம் ஏறத்தாழ 365 மீட்டர். நீலகிரியையும் பழனிமலையையும் கண்டவர்களுக்கு இது குன்றாகத் தோன்றலாம். ஆனால் கடலின் ஓரத்திலேயே எழுந்து நிற்பதால் அதன் உயரம் நமக்கு இருமடங்காகத் தெரிகிறது.

1862 முதல் 1864 வரை இங்கிருந்த கைதிகள் குடியிருப்புக்குத் தலைவராக விளங்கியவர் இராபர்ட் டைட்லர். அவருடைய மனைவி ஹாரியட்டின் பெயரே மலைக்கு இடப்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தில்லி முற்றுகையில் சிக்கி, ஒரு வண்டியிலேயே ஆண் மகவைப் பெற்றெடுத்தவர் அந்த அம்மையார். பின்னர் ஆங்கிலேய ஆட்சியில் தலைமை ஆணையர் கோடைக் காலத்தில் தங்கும் இடமாக இம்மலை ஆயிற்று. 1891-இல் மணிப்பூர் ஆங்கிலேயரோடு பொருது தோற்றபோது, அந்நாட்டு அரசர் குலச்சந்திர சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் நாடு கடத்தப்பட்டு இம்மலையிலேதான் வைக்கப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 2021-ஆம் ஆண்டில் மலைக்கு 'மணிப்பூர் மலை' என்று பெயர் மாற்றப்பட்டது. தம் விருப்பத்தால் வந்தவர் மலைக்குப் பெயர் கொடுத்தார். தம் விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்டவர் பெயரும் நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அம்மலைக்கே வந்து சேர்ந்தது!

விடியலில் புறப்பாடு

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள், பொழுது புலரும் வேளையில் சாத்தம் துறையில் கூடினோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக நாங்கள் இருபத்திரண்டு பேர். பெண்கள் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அருகிலிருந்த மரம் அறுக்கும் ஆலையைக் காட்டி, 1883-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஆலை அது என்றும், தாம் காட்டில் வெட்டிய மரங்கள் அங்கேதான் வந்து சேரும் என்றும் பெரியவர் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

படகில் பாம்பூஃபிளாட் சேர்ந்து, அங்கிருந்து வண்டியில் மலையேறினோம். படகிலிருக்கும்போதே பெரியவர் பிள்ளைகளை எல்லாம் அருகழைத்து, "காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். ஒருவன் ஓடுவேன் என்றான். ஒருத்தி மரமேறிப் பார்ப்பேன் என்றாள். "இரண்டும் வேண்டாம். வழி தவறியது தெரிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். உங்களைத் தேடி வருவது எங்கள் வேலை" என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

மலையுச்சியில் நின்று கீழே நோக்கியபோது, நார்த் பே என்னும் குடாவும், அதன் முனையிலே கலங்கரை விளக்கமும், தென்னைகளும் ஓவியமாகத் தெரிந்தன. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்ட காட்சி இதுவே. பெரியவர் தம் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் அதையும் கடலையும் மாறி மாறிப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். இந்த மகிழ்ச்சியிலே ஒரு தவறு தொடங்கிற்று. ஏழரை மணிக்கு இறங்கத் தொடங்கவேண்டியவர்கள், வனத்துறையின் பதிவேட்டில் பெயரெழுதி, சிற்றுண்டி அருந்தி, படம் பிடித்து முடிக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

காட்டுக்குள்ளே

உச்சியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் காலா பத்தர் என்னும் இடம் வரும். கரிய பாறையொன்று பள்ளத்தை நோக்கி நிற்கிறது. முற்காலத்தில் கைதிகளை அங்கிருந்து தள்ளிக் கொன்றார்கள் என்று வாய்வழிச் செய்தி ஒன்று உலவுகிறது. அதுவரை பாதை எளிது. சிறு குழந்தைகளும் அவர்களுடைய தாய்மார்களும் அங்கே நின்று திரும்பினார்கள். வழிகாட்டி ஒருவரோடு பதினான்கு பேர் மேலே நடந்தோம். மதுபன் கடற்கரைக்கு உச்சியிலிருந்து மொத்தம் 16 கிலோமீட்டர் என்பது கணக்கு.

கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவில் சமாரியா என்றொரு மலையிடுக்கு உண்டு. 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தொடங்கி, அதுவும் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் இறங்கிக் கடலிலே முடிகிறது. மிகக் குறுகிய இடத்தில் இருபுறப் பாறைச் சுவர்களுக்கும் இடையே நான்கு மீட்டர் அளவே வெளி. கோடைதோறும் பல நாட்டு மக்கள் அங்கே நடக்கிறார்கள். வெள்ளத்துக்கு அஞ்சிக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். நம் மலைக்கு அத்தகைய பாறைச் சுவர்கள் இல்லை. இங்கே சுவராக நிற்பவை மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உச்சிக் கிளை தெரியாது.

பெரியவர் இளைஞராக மாறிவிட்டார். பலகை போன்ற வேர்களைப் பரப்பி நின்ற ஒரு மரத்தைத் தட்டி, "இது படாக். நம் ஊர் வேங்கைக்குத் தம்பி" என்றார். அவர் சொன்னது வெறும் உவமையன்று. தாவர நூலார் கணக்கிலும் அந்தமான் படாக்கும் நம் வேங்கையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இங்கே கோக்கோ என்று விற்கும் மரம் நம் வாகையேதான். தூப் மரத்தின் பிசினைக் கிள்ளி முகரச் சொன்னார். கோயிற் புகை மணந்தது. வானளாவிய குர்ஜன் மரங்களைக் காட்டி, அவற்றை வீழ்த்துவதற்கு எத்தனை பேர் எத்தனை நாழிகை உழைத்தார்கள் என்றும், வீழ்ந்த மரத்தை யானை எவ்வாறு இழுத்தது என்றும் சொன்னார். அந்த யானைகளும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்தவையே. அந்தமானுக்கு யானை இயற்கையான விலங்கன்று. நாங்கள் போய்ச் சேரவிருந்த மதுபன், யானைகளைப் பழக்கும் இடமாகவும் பெயர் பெற்றது.

"இத்தனை மரங்களை வெட்டினீர்களே தாத்தா, பாவம் இல்லையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. "வெட்டினால்தான் அடுப்பெரியும் என்ற காலம், அம்மா. என் தங்கைகளின் திருமணம் இந்த மரங்களால் நடந்தது. இப்போது வந்து பார்க்கும்போது, நிற்கிற மரம் ஒவ்வொன்றும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது" என்றார். பின்னர் இம்மலை தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அவ்வாறு காக்கப்பட்ட காட்டின் நிழலிலேதான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம்.

இக்காட்டில் புலியில்லை, கரடியில்லை. காட்டுப் பன்றி உண்டு. ஆங்கிலேயர் கொணர்ந்துவிட்ட புள்ளிமான் உண்டு. முதல்நாள் இரவு பெய்த மழையில் அட்டைகள் எழுந்திருந்தன. அவற்றுக்காக உப்பு முடிச்சு வைத்திருந்தோம். கருமேனியும் செங்கொண்டையும் கொண்ட அந்தமான் மரங்கொத்தி ஒன்று பட்ட மரத்தில் மத்தளம் கொட்டுவது போல் ஒலியெழுப்பியது. உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. பிள்ளைகள் மூச்சடக்கி நின்று பார்த்தார்கள்.

எங்கள் பிழை

நண்பகல் கழிந்து ஒரு மணியளவில் ஓடைப் பள்ளம் ஒன்றில் அமர்ந்து உணவருந்தினோம். தமிழ்நாட்டு ஆறுகள் மலையில் பிறந்து, காடும் வயலும் கடந்து, பல நாள் நடந்து கடலைச் சேர்கின்றன. நம் தீவின் ஓடைகளுக்கு அவ்வளவு பொறுமையில்லை. குறிஞ்சியிலிருந்து நேரே நெய்தலுக்குப் பாய்ந்துவிடுகின்றன. இடையில் முல்லையும் மருதமும் கிடையா. இதைத்தான் பெரியவர் விளக்கிக்கொண்டிருந்தார். "அப்படியானால் இந்த ஓடையோடு போனாலே கடல் வந்துவிடுமா, தாத்தா?" என்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டதும், "தண்ணீர் போய்ச் சேரும், தம்பி" என்று அவர் நகைத்ததும் எங்கள் காதில் விழுந்தன.

ஒன்றரை மணிக்கு எழுந்து நடந்தோம். வழிகாட்டி முன்னே சென்றார். வரிசையின் இறுதியில் வருபவர் இன்னார் என்று நாங்கள் எவரையும் குறிக்கவில்லை. ஒவ்வொருவரும் பிள்ளைகள் மற்றவரோடு வருவதாக எண்ணிக்கொண்டோம். கால்மணி நடந்தபின், பாதை ஓடையை விட்டு வலப்புறம் ஏறும் இடத்தில் நின்று எண்ணினால் பதின்மூன்று பேர்தாம் இருந்தோம். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் காணோம்.

அந்த நேரத்தில் எங்களுக்கு உண்டான நடுக்கத்தை எழுத்தில் கூற இயலாது. சிறுவனின் தாய் வாய்விட்டு அழவும் மறந்து நின்றாள். கைப்பேசிகளை எடுத்தோம், அவை பயன்படவில்லை. எங்களில் நால்வர் நான்கு திசையில் ஓட முற்பட்டார்கள். பெரியவர் குச்சியைத் தரையில் ஊன்றி, "ஒருவரும் நகரக்கூடாது! ஒருவன் காணாமற்போனது போதும், ஐவர் ஆகவேண்டாம்!" என்று உரத்துக் கூறினார். அவர் அவ்வளவு கடுமையாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

பின் அவர் ஒழுங்கு செய்தது இதுவே. பெண்களும் பிள்ளைகளும் அதே இடத்தில் இருந்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாக அழைக்கவேண்டும். அழைத்தபின் அமைதியாகச் செவிசாய்க்கவேண்டும். வழிகாட்டியும் பெரியவரும் எங்களில் ஒருவரும் மட்டும் ஓடையோடு இறங்கவேண்டும். சிறுவன் கேட்ட கேள்வி அவர் நினைவிலிருந்தது.

ஓடைக்குள் இறங்குவது எளிதாயில்லை. பாசி படிந்த பாறைகள் வழுக்கின. பிரம்புக் கொடியின் முட்கள் சட்டையைப் பற்றி இழுத்தன. அரைமணி இறங்கியபின், பள்ளம் திடீரென முடிந்து, நீர் இரண்டாள் உயரப் பாறையிலிருந்து கீழே விழுந்தது. அந்தப் பாறையின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். கணுக்கால் சற்றே பிசகியிருந்ததன்றி வேறு ஊறு இல்லை.

"கீழே குதித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நீங்கள் படகில் சொன்னது நினைவு வந்தது, தாத்தா. உட்கார்ந்துவிட்டேன்" என்றான். பெரியவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் தாமும் அமர்ந்து, தம் துண்டை நனைத்து அவன் காலில் கட்டினார். அப்போதுதான் அவருடைய கைகள் நடுங்குவதை நாங்கள் கண்டோம்.

இருள் வந்த வேகம்

மற்றவர்களோடு மீண்டும் சேரும்போது மணி மூன்றை நெருங்கியிருந்தது. திரும்புவதைவிட மேலே செல்வதே நன்று என்றார் வழிகாட்டி. சிறுவனை முறைவைத்துத் தோள்கொடுத்து நடத்தினோம்.

அன்பர்கள் ஒன்றை நன்கு நினைவில் வைக்கவேண்டும். நம் தீவுகள் கிழக்கே வெகுதொலைவில் இருக்கின்றன. கடிகாரமோ நாடு முழுமைக்கும் ஒன்றே. ஆதலால் இங்கே மே மாதத்தில் காலை ஐந்து மணிக்கே கதிரவன் எழுகிறான். மாலை ஐந்தரைக்கே மறைந்துவிடுகிறான். ஊரிலிருந்து வந்த உறவினர் இதைக் கண்டு வியப்பதை நாம் கேலி செய்வதுண்டு. ஆனால் இங்கேயே வாழும் நாங்கள், காலையில் இரண்டு மணி நேரத்தை வீணாக்கியபோது அதை மறந்தோம். அடர்ந்த மரங்களின் கீழ் ஐந்து மணிக்கே நிழலும் இருளும் ஒன்றாயின. கொணர்ந்த கைவிளக்குகள் மூன்று. முன்னே ஒன்று, நடுவே ஒன்று, இறுதியில் ஒன்று என வைத்து, ஒவ்வொருவரும் முன்செல்பவர் தோளைத் தொட்டுக்கொண்டு நடந்தோம்.

அவ்விருளில் எங்களுக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், அந்நாளைய இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு, கதிரவன் மறையும் காட்சியைக் காண இதே மலைமீது ஏறினார். இறங்கும்போது இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் படகுத்துறையை அடைந்தபோது, ஷேர் அலி என்னும் கைதி இருளிலிருந்து பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினான். வைஸ்ராய் உயிர் துறந்தார். ஷேர் அலி அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான். இந்நாட்டு வைஸ்ராய்களில் பதவியிலிருக்கும்போது கொல்லப்பட்டவர் அவர் ஒருவரே. இதைப் பிள்ளைகளிடம் அப்போது சொல்லவில்லை; வீடு சேர்ந்தபின் சொன்னோம்!

முதலில் எங்களுக்குத் தெரிந்தது கடலின் ஓசை. பின் உப்புக் காற்று. பின் மரங்களினூடே வெளிறிய ஒரு கோடு. ஆறு மணிக்குமேல் மதுபன் மணலில் கால்வைத்தோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. நம் கரையோரங்களில் பட்டுப்போய் நிற்கும் மரங்கள் அதற்குச் சான்று. இங்கும் அடிமரங்கள் சில மங்கிய ஒளியில் தெரிந்தன. எங்களை ஏற்றிச் செல்ல வந்து, ஒரு மணிக்கும் மேலாகக் காத்திருந்தவர்கள் விளக்கசைத்துக் குரல் கொடுத்தார்கள். சிறுவனின் தாய் அப்போதுதான் அழுதாள்.

பிள்ளைகள் அலையில் கால் நனைக்க ஓடினார்கள். முதலை நடமாடும் நாடு இது என்று சொல்லி, இருளில் நீரில் இறங்கவேண்டாமெனத் தடுத்தோம். பெரியவர் மட்டும் மணலில் அமர்ந்து, தாம் இறங்கிவந்த மலையின் கரிய உருவத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவில் இருந்தும், கூலிக்காக அன்றி வெறுமனே காட்டில் நடந்தது அன்றுதான் முதல்முறை என்று எங்களிடம் கூறினார்.

குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

எங்கள் பிழையால் பிறர் பயன்பெறட்டும் என்று சிலவற்றை எழுதுகிறோம். இத்தகைய நடைக்கு உரிய அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றியமையாதவை. பருவமழை மே மாதத்தின் பிற்பகுதியிலேயே வந்துவிடும். அதன்பின் ஓடைப் பள்ளங்களை நாடவேண்டாம். பொழுது புலர்ந்தவுடன் நடக்கத் தொடங்கவேண்டும். மூன்று மணிக்குள் கடலைக் காணாத திட்டம் திட்டமன்று. முன்னே ஒருவர் போல, இறுதியிலும் பொறுப்பான ஒருவர் வரவேண்டும். அவரைத் தாண்டி எவரும் பின்தங்கலாகாது. நிற்குமிடந்தோறும் எண்ணுங்கள். ஆளுக்கொரு கைவிளக்கும், போதிய குடிநீரும், சிறிது உப்பும் கொள்ளுங்கள். கழிமுகங்களில் இறங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி தவறினால் உட்காரவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தாலும் சொல்லுங்கள்.

அடுத்த கோடையிலும் நாங்கள் ஊருக்குச் செல்லவே முயல்வோம். பாட்டிமார் காத்திருக்கிறார்கள். ஆனால் இம்முறை நம் பிள்ளைகள் அங்கே வெறுங்கையோடு போகமாட்டார்கள். "அந்தமானில் என்ன இருக்கிறது?" என்று ஊரார் கேட்டால், வேங்கையின் தம்பியைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் செய்தி உண்டு. கணுக்கால் ஆறிய அச்சிறுவன் இப்போதெல்லாம் மாலைதோறும் பெரியவர் வீட்டுக்குச் சென்று மரங்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறான். இதுவரை முப்பத்தொன்று எழுதியிருக்கிறான். தமக்குத் தெரிந்தவை இன்னும் பல இருக்கின்றன என்கிறார் பெரியவர்.